படம் எடுத்தது பவுனு

விருத்தாசலம்
14.10.1998

அன்பு மகள் பவுனுக்கு,

அப்பா எழுதுறேன். நானும் அம்மாவும் நல்லாயிருக்கோம். அம்மாவுக்கு முட்டி வலி மழைக்கு முன்னாடியே வந்து உக்காந்துடுச்சு. மத்தபடி வாய் நல்லா வேலை செய்யுது. உனக்கு அங்க குளிர் ஆரம்பிச்சுதா? தலைக்கு எண்ணெய் வச்சுக்கிறியா? தீபாவளிக்கு நீ அனுப்பின புடவை கிடைச்சுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நேத்து தபால்காரர் ஒரு நீளக் கவரைக் கொடுத்தாரு. டெல்லி முத்திரை. நீதான் எதையோ அனுப்பியிருக்கேன்னு பிரிச்சா, உள்ள வழவழன்னு ஒரு நோட்டீசு, கூட டைப் அடிச்ச ஒரு கடுதாசி. எல்லாம் இங்கிலீசும் ஹிந்தியும். நம்ம பக்கத்துத் தெரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஜோதிலிங்கம் சார்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவரு சத்தமா படிச்சாரு. டெல்லியில யமுனா வட்டார மியூசியம்னு ஒண்ணு இருக்குதாம். அதுல வரப்போற கண்காட்சிகளோட பட்டியலாம் அது. நவம்பர்ல யாரோ ஒரு அம்மா தீட்டின ஓவியம். டிசம்பர்ல சுடுமண் பொம்மைங்க. பிப்ரவரி ஆறாம் தேதியிலிருந்து, "மதியம் ஒன்று முதல் இரண்டு வரை"ங்கிற தலைப்புல புகைப்படக் கண்காட்சி, படங்கள்: பி. காத்தவராயன்.

சார் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "ஏன்யா காத்தவராயா, முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸுல டிக்கெட்டுதானே கிழிச்ச? படம் எப்பய்யா எடுத்த?"ங்கிறாரு. நான் என்னத்தைச் சொல்ல? நான் கேமராவைத் தொட்டது ஒரே தடவை, உங்க சித்தப்பன் கல்யாணத்துல. அதுலயும் ஒருத்தருக்கும் தலை விழல.

என் இனிஷியல் சு. இதுல பி-ன்னு இருக்குது. ஆனா கவர் மேல நம்ம தெரு, நம்ம கதவு எண். எவனோ என் பேரை வச்சு ஏமாத்து வேலை பண்றான். நீ அங்கதானே இருக்க, ஒரு நாள் லீவு போட்டாவது போய் அந்தப் பய யாருன்னு கண்டுபிடி. அந்த நோட்டீசுல சின்னதா ஒரு படம் இருக்குது. புல்தரையில பொம்பளைங்க உக்காந்து ஸ்வெட்டர் பின்னுறாங்க. நல்லாத்தான் இருக்குது. அதுக்காக சும்மா விட முடியுமா?

உடம்பைப் பாத்துக்க. பதில் உடனே போடு.

இப்படிக்கு,
அப்பா, சு. காத்தவராயன்

*

லக்ஷ்மிபாய் நகர், புதுடெல்லி
27.10.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

பவுனு வணக்கம். நான் சுகம். குளிர் இன்னும் வரல, ஆனா ஆரஞ்சுப் பழம் வந்தாச்சு. அம்மா முட்டிக்கு நான் அனுப்பின தைலத்தைத் தடவுறாங்களா, இல்ல பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்காங்களா?

அப்பா, அந்தப் பய நான்தான்.

கோவிச்சுக்காதீங்க. மூணு வருஷமா நான் படம் எடுக்கிறேன். கூட வேலை செஞ்ச ஒருத்தர் மாற்றலாகிப் போறப்ப அவரோட பழைய கேமராவை வாங்கினேன். குளிர்காலத்துல எங்க ஆபீசுக்கு முன்னாடி இருக்கிற புல்தரைக்கு மதியம் ஒரு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க. சர்க்கார் கொடுக்கிறது அரை மணி நேரம், ஆனா வெயிலை விட்டுட்டு யார் எழுந்து போவாங்க? ஸ்வெட்டர் பின்னுறது, மல்லாட்டை உரிச்சுக் கடலை கொறிக்கிறது, சீட்டு ஆடுறது, முகத்து மேல பேப்பரைப் போட்டுக்கிட்டுத் தூங்குறது. நான் சாப்பாட்டை ரெண்டு வாயில முடிச்சுட்டு அவங்களைத்தான் எடுப்பேன். உங்ககிட்டச் சொன்னா 'கழுத, உருப்படியா வேற வேலை இல்லியா'ன்னு கேப்பீங்க. அதான் சொல்லல.

மியூசியத்துல இந்த வருஷம், வேலைக்குப் போற சாதாரண ஆளுங்க எடுத்த படம் வேணும்னு கேட்டிருந்தாங்க. இருபத்திநாலு படம் அனுப்பினேன். ரெண்டு மாசமா தினமும் தபால் பெட்டியைத் துழாவிட்டு, கிடைக்கலன்னு விட்டுட்டேன். அவங்க என்னடான்னா நிரந்தர முகவரிக்கு அனுப்பியிருக்காங்க! உங்க கடுதாசியைப் படிச்சுட்டு நான் கத்தின கத்துல கீழ் வீட்டு அம்மா ஓடி வந்துட்டாங்க.

பேர் விஷயம் ஒண்ணும் பெரிசில்லப்பா. இங்க ஃபாரத்துல முதல் பேருக்கு ஒரு கட்டம், குடும்பப் பேருக்கு ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பேரு? அப்பா பேரைத்தான் போடணும். அங்க எவனோ கிளார்க் குழப்பிட்டான் போல. யார் பேர் இருந்தா என்ன, நம்ம வீட்டுப் பேர்தானே.

அம்மாகிட்டச் சொல்லுங்க. நீங்களும் கொஞ்சம் சந்தோஷப்படுங்க.

உங்கள் மகள்,
பவுனு

*

விருத்தாசலம்
9.11.1998

அடி பவுனு,

இங்க எல்லாரும் சவுக்கியம். தைலம் பெட்டிக்குள்ளதான் இருக்குது.

மூணு வருஷம்! பெத்தவங்ககிட்ட மூணு வருஷம் மூச்சு விடல பாரு! உங்கம்மாகிட்டச் சொன்னா, "நான் நோட்டீசைப் பாத்தன்னிக்கே நினைச்சேன், என் பொண்ணுக்குச் சும்மா உக்காரத் தெரியாது"ன்னு சாவகாசமா வெங்காயம் உரிக்கிறா. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல. அந்தச் சின்னப் படத்தை பூதக்கண்ணாடி வச்சு நாலு தரம் பாத்தேன். நடுவுல இருக்கிற அம்மா நூலைப் பல்லால கடிக்கிறது வரைக்கும் தெரியுது. எம்மாடி, நீயா எடுத்த?

சரி. அதென்ன, யார் பேர் இருந்தா என்னங்கிற? முப்பத்திரண்டு வருஷம் வண்டியில இருந்தவன் சொல்றேன் கேளு. ஓட்டினவன் பேர் ஓட்டினவனுக்கு, டிக்கெட் போட்டவன் பேர் டிக்கெட் போட்டவனுக்கு. ஒரு நாள் டிரிப் ஷீட்டுல என் பேருக்குப் பதிலா வேறொருத்தன் பேரை எழுதிட்டான்னு டிப்போவுல தரையில உக்காந்தவன் நான். உழைச்சது நீ, உன் பேருதான் செவுத்துல வரணும். உடனே போய் மாத்தச் சொல்லு. மாத்தலன்னா அந்தக் கண்காட்சியே வேணாம்னு சொல்லு. இல்ல, அப்படிச் சொல்லிடாத. மாத்தச் சொல்லு.

கல்யாணப் பேச்சை நான் எடுக்கல, பயப்படாத. குளிருக்கு காதைக் கட்டிக்க.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: ஓய்வு பெற்றோர் சங்கத்துலருந்து யாராச்சும் உனக்குக் கடுதாசி போட்டா பதில் எழுதாத. காரணம் அப்புறம் சொல்றேன்.

*

புதுடெல்லி
30.11.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவையும் உங்களையும் நினைச்சுக்கிட்டே இருக்கேன். இங்க காலையில பனி மூடிக்குது, ஒன்பது மணி பஸ் பத்து மணிக்கு வருது.

மியூசியத்துக்குப் போனேன். முதல்ல வாசல்ல காவல் இருக்கிற பையா, "சுவர் பூச்சு நடக்குது, அடுத்த வாரம் வாங்க"ன்னான். அடுத்த வாரமும் போனேன். கண்காட்சிப் பிரிவுல காமாக்ஷின்னு ஒரு பொண்ணு இருக்கா, தமிழ்ப் பொண்ணு. இங்கேயே பொறந்து வளர்ந்தவ, தமிழ் பேசுவா, படிக்க வராது. "ஆன்ட்டி, நோட்டீஸ் ரெண்டாயிரம் அடிச்சாச்சு, சும்மா மாத்த முடியாது. ஒரு அஃபிடவிட் குடுங்க, ஜல்தி பண்ணிடலாம்"னா. வழக்கமான வாசகம்தான்: 'பி. காத்தவராயன் என்பவரும் பவுனு என்பவரும் ஒருவரே.' அவங்க கையில இருக்கிற முகவரி உங்க முகவரிங்கிறதால நீங்க கையெழுத்துப் போடணுமாம். மாதிரித் தாளை இதோட வச்சிருக்கேன். நோட்டரிகிட்டப் போய் ஒரு கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பிடுங்க. வேற ஒண்ணும் யோசிக்காதீங்க.

பேர் வந்தாலும் வரலன்னாலும் படம் மாட்டறாங்களே, எனக்கு அதுவே போதும்ப்பா.

சங்கத்துக்காரங்க கடுதாசி எதுவும் வரல. என்ன காரணம்?

உங்கள் மகள்,
பவுனு

*

விருத்தாசலம்
8.12.1998

அன்பு மகள் பவுனுக்கு,

நாங்க நல்லாயிருக்கோம். உன் உடம்பு எப்படி இருக்குது?

நீ அனுப்பின தாளை எடுத்துட்டுக் கோர்ட்டு வாசல்ல இருக்கிற சிவஞானம் வக்கீல்கிட்டப் போனேன். படிச்சுக் காட்டினாரு. காத்தவராயனும் பவுனும் ஒருவரேன்னு கையெழுத்துப் போடணுமாம்! நான் என்ன செத்தா போயிட்டேன்? முழுசா உயிரோட, மீசையோட உக்காந்திருக்கேன், நானும் என் பொண்ணும் ஒரே ஆளுன்னு சத்தியம் பண்ணணுமா? நாளைக்கு என் பென்ஷனை நிறுத்திட்டு உன்னைக் கூப்பிட்டா?

"அய்யா, உண்மையை எழுதுங்க. காத்தவராயன் வேற, பவுனு வேற. காத்தவராயன் எந்தப் படமும் எடுத்ததில்ல"ன்னேன். அவரு பேனாவைக் கீழ வச்சுட்டுச் சிரிக்கிறாரு. "இருபத்தஞ்சு வருஷமா இருவரும் ஒருவரேன்னுதான்யா எழுதிட்டு வர்றேன். ஒருவர் இருவரேன்னு எழுத வந்த மொத ஆளு நீதான்"னாரு. ஆனா எழுதிட்டாரு. முத்திரை குத்தி, நேரா மியூசியத்துக்கே ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பியாச்சு. உனக்கு அலைச்சல் மிச்சம்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். நோட்டீசு வந்த பத்தாம் நாள் சங்கத்துல எனக்குப் பொன்னாடை போத்திட்டாங்க. ஜோதிலிங்கம் சார் ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நான் நின்னேன், போத்தினாங்க, கை தட்டினாங்க. உன் கடுதாசி வர்றதுக்கு முன்னாடி நடந்தது அது. ஆனா வந்த பிறகும் நான் வாயைத் தொறக்கல. கூச்சமாயிருக்குது பவுனு. அதான் இத்தனை அவசரப்படுறேன்.

இப்படிக்கு,
அப்பா

*

புதுடெல்லி
21.12.1998

அப்பாவுக்கு,

நான் நல்லாயில்ல.

உங்களை யாருப்பா நேரா அனுப்பச் சொன்னது? காமாக்ஷி ஆபீசுக்கே போன் பண்ணிட்டா. அவங்க பெரிய மேடம் கேக்கிறாங்களாம்: 'கலைஞர்னு நாங்க அச்சடிச்ச காத்தவராயனே, நான் படம் எடுக்கலன்னு சத்தியம் பண்ணி அனுப்பியிருக்காரு. அப்ப இது யாரோட படம்? எங்கேருந்து திருடினது?' பிப்ரவரிப் பட்டியல்லருந்து என்னை எடுத்துட்டாங்க. ஜனவரி பதினஞ்சுக்குள்ள சரியான விளக்கம் தரலன்னா, அந்த ஹால்ல வேற யாரோ மலர்க் கண்காட்சி வைப்பாங்களாம்.

மூணு குளிர்காலம் அப்பா. சளி, இருமல்னு ஒரு நாள் விடாம எடுத்தது. ஒரு கையெழுத்துப் போட்டு என்கிட்ட அனுப்பியிருந்தா முடிஞ்சிருக்கும். பேரே வேணாம்னுதானே இருந்தேன்!

பொன்னாடையை நீங்களே வச்சுக்கோங்க. எனக்குக் கோவம் அதுல இல்ல.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க.

பவுனு

*

விருத்தாசலம்
2.1.1999

பவுனு,

இங்க ஒண்ணும் குறைச்சல் இல்ல. நீ சாப்பிடுறியா?

நான் பண்ணினது தப்பு. உன்கிட்டக் கேட்டிருக்கணும். எனக்கு எப்பவும் விசில் ஊதி வண்டியைக் கிளப்பிட்டுத்தான் ஆளு ஏறிட்டாங்களான்னு பாக்கிற புத்தி.

மியூசியத்துலருந்து எனக்கு ஒரு கடுதாசி வந்துது. 'நாங்க தப்பு பண்ணல, விண்ணப்பத்துல இருந்ததைத்தான் அச்சடிச்சோம்'னு நீ எழுதிக் கொடுத்த ஃபாரத்தை ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்காங்க. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மூணாம் வகுப்புலருந்து பாத்தது.

முதல் பேருக்கு இருபது கட்டம் இருக்குது பவுனு. எண்ணிட்டேன். நீ ஒரே ஒரு கட்டத்துல பி-ன்னு போட்டுட்டு மிச்சம் பத்தொன்பதையும் காலியா விட்டிருக்க. கிளார்க் குழப்பல.

ஏம்மா?

அப்பா

*

புதுடெல்லி
11.1.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க கடுதாசியை நாலு நாளா கைப்பையில வச்சுக்கிட்டுத் திரியுறேன். நீங்க திட்டியிருந்தா அன்னிக்கே பதில் எழுதியிருப்பேன்.

ஆமாம்ப்பா, நான்தான் போடல. பன்னெண்டு வருஷமா எங்கேயும் போடல.

வேலையில சேர்ந்த முதல் நாள் எங்க செக்ஷன் ஆபீசர் வர்மாஜி என் பேரைக் கேட்டாரு. பவுனுன்னேன். அவருக்கு பௌனான்னு கேட்டுது. ஹிந்தியில பௌனான்னா முக்கால். அவரு என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. நான் நாலே முக்கால் அடி வேற. செக்ஷன் மொத்தமும் சிரிச்சுது. "பூரா நஹீ, பௌனா!" முழுசு இல்ல, முக்கால். அதுக்கப்புறம் ரெண்டு மணிக்குக் கால் மணி இருக்கிறப்ப, அதையும் இங்க பௌனே தோன்னுதான் சொல்லுவாங்க, தினமும் யாராவது ஒருத்தர், "பௌனா மேடம், உங்க நேரம் வந்தாச்சு"ன்னு கூப்பிடுவாங்க. மனசுல கெட்டது வச்சுக்கிட்டுச் சொல்லல, எனக்குத் தெரியும். ஊறுகாய் கேட்டு என் டப்பாவுல கை விடுறவங்கதான் எல்லாரும். ஆனா எனக்கு வயசு இருபத்தஞ்சு, ஹிந்தியில திருப்பிச் சொல்ல நாலு வார்த்தை தெரியாது, பாத்ரூம்ல போய் அழுதேன்.

ஆறு மாசத்துல மேஜைப் பலகையில பி. காத்தவராயன்னு எழுதி வாங்கிட்டேன். உங்க பேரு நீளம், யாராலயும் கிண்டல் பண்ண முடியல. ராயன்ஜின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. எனக்கு நிம்மதியா இருந்துது. உங்க பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்ப்பா. மியூசியம் ஃபாரத்துல எழுதறப்பவும், 'பவுனு எடுத்த படம்'னு செவுத்துல இருந்தா மறுபடியும் சிரிப்பாங்களோன்னு கை தானா நின்னுடுச்சு. உங்ககிட்ட கிளார்க் மேல பழி போட்டேன். அது தப்பு.

நீங்க வச்ச பேரை நான் வேணாம்னு சொல்லல. சொல்லத் தைரியம் வரல, அவ்வளவுதான்.

நாளைக்கு மியூசியத்துக்குப் போறேன். நெகட்டிவ் எல்லாத்தையும் டிபன் டப்பாவுல போட்டுக் கட்டி வச்சிருக்கேன்.

அம்மாவுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.

உங்கள் மகள்,
பவுனு

*

புதுடெல்லி
16.1.1999

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

பொங்கல் வாழ்த்து ரெண்டு நாள் தாமதமாச் சொல்றேன். இங்க சூரியனே வரல, ஆனா எனக்குப் பொங்கிடுச்சு!

கேளுங்க. போனேன். பெரிய மேடம் முகத்தை உர்ருன்னு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. டிபன் டப்பாவைத் திறந்து மேஜை மேல கவுத்தேன். மூணு குளிர்காலத்து நெகட்டிவ். ஒவ்வொரு சுருளா வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க. அப்புறம், "பேரை மட்டும் ஏன் மறைச்சீங்க?"ன்னாங்க. நான் புது ஃபாரம் ஒண்ணு கேட்டேன். அவங்க முன்னாடியே ஒவ்வொரு கட்டமா, பெரிய எழுத்துல, பவுனுன்னு எழுதினேன். எழுதிட்டு வாய் விட்டும் சொன்னேன். யாரும் சிரிக்கல அப்பா! மேடம் அதை ஒரு தரம் சொல்லிப் பாத்துட்டு, "நல்ல பேரு, சின்னது, போர்டுல பெரிசா எழுதலாம்"னாங்க. அச்சா, இதுக்காகவா பன்னெண்டு வருஷம்னு எனக்கு என்னையே ஓங்கி ஒண்ணு வைக்கணும் போல இருந்துது.

பிப்ரவரி ஆறு, சனிக்கிழமை. அதே தேதி, அதே ஹால். நோட்டீசுல மீதி இருந்த ஆயிரத்து இருநூறுலயும் பேரை மறைச்சுப் புதுத் துண்டு ஒட்டணும். நானும் காமாக்ஷியும் வாசல் பையாவும் உக்காந்து ரெண்டு நாள் ஒட்டினோம். ஆயிரத்து இருநூறு தடவை என் பேரை நானே ஒட்டினேன்.

வெளிய வர்றப்ப காமாக்ஷி ஒண்ணு சொன்னா. நீங்க ரெண்டாவதா ஒரு கடுதாசி எழுதியிருக்கீங்களாமே? என்கிட்ட மூச்சு விடல பாருங்க! அவளுக்குப் படிக்க வராம, அவங்கம்மாகிட்டக் காட்டியிருக்கா. அந்தம்மா படிச்சுட்டு, "இதை எழுதினவரு பொண்ணையாடி திருடின்னு சந்தேகப்பட்டீங்க?"ன்னு கேட்டாங்களாம். நான் வாங்கிப் பாத்தேன். நாலே வரி. "படம் எடுத்தது பவுனு. அவள் என் மகள். திருட அவளுக்குத் தெரியாது. கேட்டு வாங்கக்கூடத் தெரியாது." மியூசியம் நடுவுல நின்னுக்கிட்டு அழுதேன். இந்தத் தடவை பாத்ரூமுக்கு ஓடல.

நீங்க ரெண்டு பேரும் வரணும். சாக்குப்போக்கு சொன்னா நான் பேசவே மாட்டேன்.

உங்கள்,
பவுனு

*

விருத்தாசலம்
24.1.1999

எங்க தங்கத்துக்கு,

அம்மாவும் நானும் ஆசீர்வாதம். முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல. உங்கம்மா மூணு நாளா முறுக்கு சுடுறா.

மொதல்ல அந்த வர்மா. முக்கால்னானா? முக்காப் பவுனா இருந்தாலும் பவுன் பவுன்தான்டின்னு நீ அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஹிந்தி தெரியலன்னா தமிழ்லயே சொல்லியிருக்கணும். எனக்குப் பன்னெண்டு வருஷம் முன்னாடி எழுதியிருந்தா, டூட்டியைப் போட்டுட்டு வந்திருப்பேன். போகட்டும். நீ என் பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சது எனக்கு வருத்தமாத்தான் இருந்துது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா மழைக்கு ஒதுங்கினவளைக் கூரை கோவிச்சுக்குமா?

நேத்து சங்கக் கூட்டத்துல எழுந்து நின்னேன். "ஆளு மாத்தி போத்திட்டீங்க, திருப்பி வாங்கிக்கங்க"ன்னு பொன்னாடையை மேஜை மேல வச்சேன். அப்புறம் தலைவர், "உன் பொண்ணா? அப்ப இன்னொண்ணு புதுசா வாங்குவோம்யா"ன்னாரு. பாரு, போன தடவையைவிட ஜாஸ்தியா கை தட்டினாங்க. நான் உக்காந்து கண்ணைத் துடைச்சதை ஜோதிலிங்கம் சார் ஊரெல்லாம் சொல்லிட்டாரு.

பிப்ரவரி ரெண்டு கிளம்புறோம், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ஸ்டேஷனுக்கு வந்துடு. எனக்கு அளவா ஒரு ஸ்வெட்டர் இருந்தா எடுத்துட்டு வா. பின்னுறவங்கதான் உனக்கு நிறையத் தெரியுமே.

ரைட்!

இப்படிக்கு,
பவுனு அப்பா, காத்தவராயன்

*

புதுடெல்லி
1.3.1999

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

வீடு வெறிச்சோடிக் கிடக்குது. அம்மா சுட்ட முறுக்கு டப்பாவுல அடி தெரியுது. ஊர்ல வெயில் ஆரம்பிச்சிருக்கும், அலையாதீங்க.

நேத்தோட கண்காட்சி முடிஞ்சிருக்கணும், இன்னும் ஓடுது. அப்பா, முதல் நாள் நீங்க வாசல்ல நின்னு வந்தவங்களையெல்லாம் "அந்தர் ஜாவ், அந்தர் ஜாவ், உள்ள இடம் இருக்குது"ன்னு ஏத்தினதை மியூசியத்துல இன்னும் பேசிக்கிறாங்க. அத்தனை கூட்டம் அங்க வேற எந்தக் கண்காட்சிக்கும் வந்ததில்லன்னு மேடம் சொன்னாங்க. பத்து நாள் நீட்டிக்கக் கேட்டிருக்காங்க, அடுத்து ஒரு ஊருக்கு எடுத்துட்டுப் போகவும் பேசுறாங்க.

நீங்க போன பிறகு நடந்ததை இப்பச் சொல்றேன். என் செக்ஷன் ஆளுங்களை நான் கூப்பிடவே இல்லன்னு உங்களுக்குத் தெரியும். தைரியம் அவ்வளவு தூரம் வரல. போன புதன்கிழமை யாரோ பேப்பர்ல பாத்துட்டாங்க. மதியம் ஒரு மணிக்குப் பதினாலு பேரும் ரெண்டு வேன் பிடிச்சு, கையில ஆரஞ்சுப் பழத்தோட வந்து இறங்கிட்டாங்க. வாசல் பையா பழத்தையெல்லாம் பிடுங்கி வச்சுட்டான்.

உள்ள வந்து பாத்தா செவுத்துல அவங்களேதான்! பக்கத்து மேஜை சவிதா ஒரு படத்துக்குள்ள மூக்கை நுழைச்சு, தான் பின்னின ஸ்வெட்டர்ல விட்டுப்போன கண்ணியைக் கண்டுபிடிச்சுட்டா. ஒருத்தரை ஒருத்தர் இழுத்து, "இது நீ, இது நான்"னு கத்தல். வர்மாஜி மட்டும் ஒரு படத்து முன்னாடி அசையாம நின்னாரு. முகத்து மேல பேப்பரைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் புல்லுல தூங்குவாரே, அந்தப் படம். தன்னோட ஷூவை அடையாளம் கண்டுக்கிட்டாரு. "ஆபீஸ் நேரத்துல..."ன்னு ஆரம்பிச்சுட்டு நிறுத்திட்டாரு. அப்புறம் மெதுவா, "எங்க அப்பா இப்படித்தான் தூங்குவாரு. எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?"ன்னாரு.

அப்புறம் போர்டுக்குப் போனாரு. தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ், மூணுலயும் இருக்குதே, அந்தப் போர்டு. ஹிந்தியை எழுத்துக் கூட்டி, ப, வு, னு-ன்னு படிச்சாரு. திரும்பி என்னைப் பாத்து, "இதுதான் உன் பேரா? இத்தனை வருஷமா இதைச் சரியா சொல்லவே இல்லியா நான்? இதுக்கு என்ன அர்த்தம்?"னாரு. செக்ஷன் மொத்தமும் கேட்டுக்கிட்டு நிக்குது. நான் சொன்னேன், "ஸோனே கா சிக்கா, ஜி. தங்கக் காசு. எட்டு கிராம்."

"பூரா எட்டா?"

"பூரா எட்டு."

யாரும் சிரிக்கல. சவிதாதான் முதல்ல கை தட்டினா. வர்மாஜி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு, ஆனா அவரும் தட்டினாரு. பௌனே தோ ஆச்சு, ரெண்டு ஆச்சு, ரெண்டரையும் ஆச்சு, ஒருத்தரும் ஆபீசுக்குக் கிளம்பல.

இன்னிக்குக் காலையில என் மேஜையில டெலிபோன் அடிச்சுது. எடுத்தேன். பன்னெண்டு வருஷமா சொல்ற மாதிரி ராயன்னு சொல்ல வாய் திறந்துது, நானே நிறுத்தினேன். "பவுனு பேசறேன்"னேன். அந்தப் பக்கம், "யாரு?"ன்னாங்க. இன்னும் சத்தமாச் சொன்னேன்.

அம்மாவுக்கு என் முத்தம். உடம்பைப் பாத்துக்கோங்க.

உங்கள் மகள்,
கா. பவுனு